அலாஸ்கா வரை சென்றவர்கள் கூசேன்வில்லுக்கு வருவது எப்போது?

லா சப்பலில் மெற்றோ ஏறி, ஸ்ராலின்கிராட்டில் ஒருமுறை மாறினால், நான்காவது நிறுத்தம் கொரந்தன் கரியூ. அந்நிலையத்தின் அருகே, பாரிஸ் 19ஆம் வட்டாரத்தின் கம்பிரே வீதியைத் தலைமையகமாகக் கொண்டு இயங்கி வந்துள்ளது டோன்ட்நொட் என்னும் கணனி விளையாட்டு நிறுவனம். 2008இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' உலகெங்குமுள்ள இளையோரின் பெருமதிப்பைப் பெற்றது. சுடுவதும் வெட்டுவதும் இல்லாமல், ஒரு முடிவை எடுப்பதையும் அம்முடிவின் விளைவைச் சுமப்பதையும் விளையாட்டாக்கிக் காட்டியதே அதன் சிறப்பு. அறிவுள்ள பிள்ளைகள் மதிக்கும் நிறுவனம் இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்நிறுவனத்தின் விளையாட்டுக்கள் நிகழும் இடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 2013இல் வந்த 'ரிமெம்பர் மீ' பாரிசில் நிகழ்கிறது. எனினும் அது 2084ஆம் ஆண்டின் கற்பனைப் பாரிஸ். 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் நிகழ்கிறது. 2018இல் வந்த 'வம்பயர்' 1918ஆம் ஆண்டின் இலண்டனுக்குச் சென்றது. 2020இல் வந்த 'டெல் மீ வை' அலாஸ்காவுக்குச் சென்றது. 2024இல் வந்த 'பனிஷர்ஸ்' பதினேழாம் நூற்றாண்டின் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சென்றது. 2025இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் துணையோடு அறிவிக்கப்பட்ட 'அபீலியன்' சூரியக் குடும்பத்தின் தொலைதூர விளிம்புக்கே செல்கிறது. இத்தனை தூரம் பயணம் செய்த ஒரு நிறுவனம், தன் வாசலிலிருந்து நான்கு மெற்றோ நிறுத்தங்களைக் கடந்து லா சப்பலுக்கு மட்டும் வரவில்லை.

டோன்ட்நொட் அடுத்து உருவாக்க வேண்டிய விளையாட்டு எது என்ற வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அது கூசேன்வில்லில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையாக, இங்கு பிறந்த பிள்ளையின் கண்களால் காணப்படும் கதையாக அமைய வேண்டும். இதனைக் கோரும் உரிமை இச்சமூகத்திற்கு உண்டு. கோராமல் இருப்பதால் வரும் இழப்பும் இச்சமூகத்திற்கே உண்டு.

தொலைவில் கண்டதும் அருகில் காணாததும்

2018க்கும் 2019க்கும் இடையில் ஐந்து பகுதிகளாக வெளிவந்த 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2' இரு சகோதரர்களின் கதை. மெக்சிக்கோ வம்சாவளியைச் சேர்ந்த அவர்களின் தந்தையைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்கிறார். மூத்தவன் இளையவனை அழைத்துக்கொண்டு சியாற்றிலிலிருந்து மெக்சிக்கோவை நோக்கி ஓடுகிறான். இளையவன் எதைக் கற்கிறான், எதற்கு அஞ்சுகிறான், எதைச் சரியென்று கருதுகிறான் என்பவை யாவும் மூத்தவன் எடுக்கும் முடிவுகளாலேயே உருவாகின்றன. புலம்பெயர்ந்த குடும்பத்தின் வலியை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர்கள் பாரிஸ் கலைஞர்கள். ஆயினும் அந்த வலியைக் காண அவர்கள் அத்திலாந்திக் கடலைக் கடக்க வேண்டியிருந்தது. தமது நகரத்தின் வடபகுதியில், உணவக அடுப்படியில் நள்ளிரவு வரை உழைத்துவிட்டுக் கடைசித் தொடருந்தைப் பிடிக்க ஓடும் தந்தையர் அவர்களின் பார்வையில் படவில்லை.

இரண்டாவது சான்று 'டெல் மீ வை'. அலாஸ்காவில் நிகழும் இக்கதையில் ட்லிங்கிட் பழங்குடி மக்கள் இடம்பெறுகின்றனர். அவர்களின் பண்பாட்டைத் தவறாகச் சித்திரித்துவிடக் கூடாதென்று, ஹூனா மரபுரிமை அறக்கட்டளையோடு கூடி ஆலோசித்தே டோன்ட்நொட் பணியாற்றியது. இது பாராட்டத்தக்க நேர்மை. அலாஸ்காவின் சிறு சமூகம் ஒன்றின் கதவைத் தட்டி, உங்கள் கதையைச் சொல்ல இசைவு தருவீர்களா என்று கேட்க முடிந்த நிறுவனத்துக்கு, போபூர் சென் தெனி வீதியில் ஒரு கதவைத் தட்ட முடியாதா?

குற்றம் முழுவதையும் அந்நிறுவனத்தின் மீது சுமத்திவிடவும் இயலாது. அலாஸ்காவில் கதவைத் தட்டியபோது திறப்பதற்கு ஓர் அறக்கட்டளை இருந்தது. லா சப்பலில் கதவு தட்டப்பட்டால் யார் திறப்பார்? ஊர்ச் சங்கங்கள் உண்டு, பழைய மாணவர் சங்கங்கள் உண்டு, விளையாட்டுக் கழகங்கள் உண்டு. ஆனால் வருகின்ற கலைஞரிடம் சான்றுகளையும் குரல்களையும் சொற்களையும் ஒழுங்குபடுத்தி எடுத்துக் கொடுக்கவென்று ஒரு குழு அங்கே காத்திருக்கவில்லை.

கூசேன்வில் ஏன்?

பாரிசுக்கு வடக்கே, வால் துவாஸ் மாவட்டத்தில், ஏறத்தாழ 30,000 மக்கள் வாழும் நகரம் கூசேன்வில். கார் து நோர் நிலையத்திலிருந்து டி வழித்தடத் தொடருந்தில் ஏறினால் கார்ஜ் சார்செல், வில்லியே லு பெல் ஆகிய நிலையங்களைக் கடந்து அங்கே இறங்கலாம். இவ்வழித்தடம் தமிழருக்கு நன்கு பழக்கமானது. விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் கூட்டத்தையும், சனிக்கிழமைகளில் லா சப்பலில் மீனும் முருங்கைக்காயும் வாங்கித் திரும்பும் பைகளையும் அது அறியும்.

இந்நகருக்கு ஒரு தனித்த வரலாறும் உண்டு. 1973ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள், லு பூர்ஜே விமானக் கண்காட்சியில் பறந்துகொண்டிருந்த சோவியத் நாட்டின் து-144 விமானம் கூசேன்வில் வீடுகளின் மீது வீழ்ந்து நொறுங்கியது. விமானத்திலிருந்த 6 பேரும் நிலத்திலிருந்த 8 பேரும் மாண்டனர். மறு ஆண்டு, 1974 மார்ச்சில், அருகிலே றுவாசி சார்ள் து கோல் விமான நிலையம் திறக்கப்பட்டது. பழைய கூசேன்வில் கிராமத்தின் தலைக்கு மேலேயே விமானப் பாதை அமைந்தது. இரைச்சலைத் தாங்க முடியாமல் மக்கள் வீடுகளை விற்று வெளியேறினர். பழைய தேவாலயத்தைச் சுற்றிக் கூரையிழந்த வீடுகளும் அடைக்கப்பட்ட சாளரங்களும் எஞ்சின. பாரிசின் அருகே ஏறத்தாழ ஆளற்றுப்போன ஓர் ஊர்!

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் விமான இரைச்சல் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடியவர்கள், இங்கு அதே வானத்து இரைச்சலின் கீழ் சோறு சமைக்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களிலும் கூரையிழந்த வீடுகள் நின்றன. பிள்ளைக்கு இது தெரியாது. அதற்கு அந்த இரைச்சல், விடுமுறைக்குச் செல்லும் விமானத்தின் ஒலி மட்டுமே. ஒரே ஒலி தாய்க்கு ஒன்றாகவும் பிள்ளைக்கு வேறாகவும் கேட்கும் ஊரைவிடப் பொருத்தமான களம் எந்தக் கதாசிரியனுக்குக் கிடைக்கும்?

என்ன விளையாட்டு?

இங்கு கோரப்படுவது பாடநூலுக்கு வண்ணம் பூசிய ஒரு பொம்மை அன்று. டோன்ட்நொட் தன் பழைய படைப்புக்களில் கண்டறிந்த உத்திகளே இக்கதைக்குப் போதுமானவை.

'டெல் மீ வை' விளையாட்டில் இரட்டையர் இருவர் தம் குழந்தைப் பருவத்தின் ஒரே நிகழ்வை வெவ்வேறாக நினைவுகூர்கின்றனர். யாருடைய நினைவை நம்புவது என்பதை விளையாடுபவர் தெரிவு செய்ய வேண்டும். புலம்பெயர் தமிழ்க் குடும்பத்தின் வீடுகளில் நிகழ்வதும் இதுவே. ஊரை விட்டுப் புறப்பட்ட இரவைத் தந்தை ஒருவிதமாகச் சொல்கிறார், தாய் வேறுவிதமாகச் சொல்கிறார், ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் அப்பம்மா மூன்றாவது விதமாகச் சொல்கிறார். அகதி விண்ணப்பத்தை ஆராயும் ஒப்ரா அலுவலகத்தில் பதிவான வாக்குமூலம் நான்காவது விதம். எது உண்மை என்று பிள்ளை யாரிடம் கேட்கும்?

இதைவிடக் கூர்மையான மற்றோர் உத்தியும் உண்டு. அது இச்சமூகத்தின் அன்றாட வாழ்விலேயே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை தாயின் மொழிபெயர்ப்பாளராகிறது. மாவட்டச் செயலகத்தில் அதிகாரி கடிந்து பேசுவதை அது தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் மருத்துவர் கூறும் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். பாடசாலையில் தன்னைப் பற்றி ஆசிரியர் கூறும் முறைப்பாட்டையும் தானே சொல்ல வேண்டும். முழுவதையும் சொல்வதா, மென்மையாக்கிச் சொல்வதா, மறைப்பதா? அப்பிள்ளையின் நாவில் குடும்பத்தின் எதிர்காலமே நிற்கும் கணங்கள் இவை. முடிவெடுப்பதும் விளைவைச் சுமப்பதுமே விளையாட்டு என்றால், இதைவிடப் பெரிய விளையாட்டு எது? மறைத்த ஒரு சொல் மூன்று அத்தியாயங்களின் பின் கடிதமாக வந்து கதவைத் தட்டும். மென்மையாக்கிய ஒரு வசவு, தாய் மீண்டும் அதே அதிகாரியிடம் செல்லக் காரணமாகும்.

அத்தகைய விளையாட்டில் தமிழ் திரையின் அடியில் ஓடும் எழுத்தாக மட்டும் நில்லாது. கதையின் பூட்டைத் திறக்கும் திறவுகோலே தமிழாகிவிடும். தெரியாத சொல்லைப் பிள்ளை கற்றுக்கொண்டால்தான் தாயின் நினைவில் அடுத்த அறை திறக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் வேண்டாவெறுப்பாகக் கற்ற சொல்லொன்று அங்கே பயன்படும்போது, மொழி எதற்கு என்ற கேள்வி பிள்ளையின் மனத்திலிருந்து தானே அகலும்.

வாள் வேண்டும் என்போருக்கும் துவக்கு வேண்டும் என்போருக்கும்

இதற்கு எழும் முதல் மறுப்பு பெருமை சார்ந்தது. தமிழருக்கு ஒரு விளையாட்டு வருமானால் அதில் சோழரின் கப்பற்படை வரட்டும், கடாரம் வெல்லப்படட்டும் என்பார்கள். அவை ஏற்கனவே வந்துவிட்டன. 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் 2022ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் இராசேந்திர சோழனின் படையெடுப்புக் கதையே உண்டு. 2025இல் வந்த 'சிவிலைசேஷன் 7' விளையாட்டில் சோழர் ஒரு நாகரிகமாக இடம்பெறுகின்றனர். மகிழ்ச்சிதான். ஆனால் இராசேந்திரனின் யானைப்படையை நடத்தத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தந்தை எந்த ஆண்டு, எந்த நாடுகளின் வழியாகப் பிரான்சுக்கு வந்தார் என்பது தெரியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வெற்றி, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய பயணத்தை ஈடுசெய்யாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் உணர்ச்சிமிக்கது. போரையே விளையாட்டாக்க வேண்டும் என்பார்கள் சிலர். இறந்தவர்களைப் புள்ளிகளாக எண்ணும் திரையில் முள்ளிவாய்க்காலைக் கொண்டுவந்து வைப்பது, அங்கே இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. போரைச் சொல்ல வேறு வழி உண்டு என்பதைப் போலந்தின் 11 பிற் நிறுவனம் 2014இலேயே காட்டிவிட்டது. சரயேவோ முற்றுகையை அடியொற்றி அவர்கள் உருவாக்கிய 'திஸ் வோர் ஒஃப் மைன்' விளையாட்டில் விளையாடுபவர் போர்வீரர் அல்லர். முற்றுகைக்குள் உணவும் மருந்தும் தேடும் குடிமக்கள். 2020இல் போலந்து அரசு இதனைப் பாடசாலைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. பிரான்சிலேயே, 2017இல், ஆர்த்தே தொலைக்காட்சியின் கூட்டுத் தயாரிப்பாக 'என்ரேர் முவா மொன் அமூர்' வெளிவந்தது. சிரியாவை விட்டுப் புறப்பட்ட பெண்ணொருத்திக்கும் அங்கேயே தங்கிவிட்ட கணவனுக்கும் இடையிலான தொலைபேசிக் குறுஞ்செய்திகளே அந்த விளையாட்டு. சிரியருக்கு முடிந்தது தமிழருக்கு முடியாதா?

மூன்றாவது மறுப்பு வணிகம். தமிழ்க் குடும்பத்தின் கதையை யார் வாங்குவார் என்பார்கள். 2023இல் ரொறன்ரோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்த் தாய், சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி அவிக்கிறாள். அவள் மகன் மெல்ல மெல்ல அவளது மொழியை விட்டு விலகிச் செல்கிறான். இவ்வளவே கதை. 2024இல் பிரித்தானியாவின் பப்ரா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அது வென்றது. பிரான்சில், மொன்பெலியேயின் சான்ட்ஃபோல் நிறுவனம் அமெரிக்க நகரங்களைத் தேடிச் செல்லாமல், பிரெஞ்சுப் பெயர்களும் பிரெஞ்சுச் சாயலும் கொண்ட ஓர் உலகைப் படைத்தது. 2025இல் வெளிவந்த அவர்களது 'கிளேர் ஒப்ஸ்கூர்' அவ்வாண்டின் சிறந்த விளையாட்டாக உலக அரங்கில் தேர்ந்தெடுக்கப்பட்டது. தன் மண்ணைச் சொல்பவனை உலகம் கேட்கிறது.

அமெரிக்காவையும் வேற்றுக் காலங்களையும் தேடிச் சென்ற டோன்ட்நொட்டின் நிலையோ வேறு. அதன் அண்மைக்கால விளையாட்டுக்கள் சில எதிர்பார்த்த அளவில் விற்பனையாகவில்லை. 2024 ஒக்ரோபரில் 69 பணியிடங்கள் வரை குறைக்கும் திட்டத்தை அது அறிவிக்க நேர்ந்தது. புதிய வழி தேவைப்படும் நிறுவனத்துக்குப் புதிய கதை தேவை. அது நான்கு நிறுத்தங்கள் தள்ளிக் காத்திருக்கிறது.

யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

பிரெஞ்சுக் கலைஞர்கள் தமிழரின் கதையைத் தொட்டதே இல்லை என்று கூற முடியாது. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' பெரும்பகுதி தமிழிலேயே பேசிய படம். எழுத்தாளர் ஷோபாசக்தி அதன் நாயகனாக நடித்தார். அது தமிழரை உலகறியச் செய்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அப்படம் எங்கு சென்று முடிந்தது? புறநகரின் போதைப்பொருட் கும்பலுக்கு நடுவே, மீண்டும் ஆயுதம் ஏந்தும் முன்னாள் போராளியின் வெறியாட்டத்தில் சென்று முடிந்தது. அதே படத்தில் பாடசாலைக்குச் செல்லும் ஒரு சிறுமியும் இருந்தாள். அவளுடைய கதை ஓரத்திலேயே நின்றுவிட்டது. கூசேன்வில்லில் வாழும் குடும்பங்கள் தீபனின் துவக்கைவிட அச்சிறுமியின் புத்தகப்பைக்கே நெருக்கமானவை. அடுத்த படைப்பு அவளிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே வெறுமனே ஒரு தமிழ் விளையாட்டு வேண்டும் என்று கேட்டால் போதாது. எழுத்துக் குழுவில் தமிழர் இருக்க வேண்டும். தந்தையும் தாயும் பேசும் தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழாகவோ வன்னித் தமிழாகவோ ஒலிக்க வேண்டும். இந்தியத் திரைப்படத் தமிழைக் கடன் வாங்கி ஒட்டக் கூடாது. மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் லா சப்பல் வீதிகளில் வரும் நாள் கதையில் இடம்பெறுமானால், அது வெளியாரின் கண்ணுக்கு விருந்தாக மட்டும் இல்லாமல், தேங்காய் உடைக்கும் ஒருவர் எதற்காக உடைக்கிறார் என்பதும் தெரிய வேண்டும்.

இந்நிபந்தனைகள் மிகையானவை அல்ல. அலாஸ்காவின் இன்னுயிற் மரபைச் சேர்ந்த இனுப்பியாற் மக்களின் கதையான 'நெவர் அலோன்' 2014இல் வெளிவந்தபோது, கதைசொல்லியின் குரல் அவர்களின் தாய்மொழியிலேயே ஒலித்தது. அதற்குக் காரணம் எளியது. குக் இன்லெற் பழங்குடி மன்றம் தானே முன்வந்து முதலிட்டது. மூத்தோரை அழைத்து வந்து கலைஞர்களோடு அமர வைத்தது. எண்ணிக்கையில் மிகச் சிறிய அந்தச் சமூகம் செய்ததை, ஆண்டுதோறும் விழாக்களுக்கும் மண்டபங்களுக்கும் பெருந்தொகை செலவிடும் ஒரு சமூகம் செய்ய முடியாதென்பது நம்பத்தக்கதன்று.

அரசின் பணமும் இதில் உண்டு. பிரான்சில் தேசியத் திரைப்பட மையம் கணனி விளையாட்டுக்களுக்கு நிதியுதவி வழங்குகிறது. தகுதியுள்ள தயாரிப்புச் செலவில் 30 விழுக்காட்டை வரிச்சலுகையாக அரசு திருப்பித் தருகிறது. விளையாட்டின் பண்பாட்டுப் பங்களிப்பும் அதற்கான அளவுகோல்களுள் ஒன்று. அந்த வரிப்பணத்தில் லா சப்பல் கடைக்காரரின் பங்கும், உணவகத்தில் பாத்திரம் கழுவியவரின் பங்கும் இருக்கின்றன. வரி செலுத்துவோராக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் கதை மாந்தராகவும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதற் கடமை பெற்றோருடையது. கணனியின் முன் இருக்கும் பிள்ளையை ஏசுவது எளிது. அப்பிள்ளை மணிக்கணக்கில் அங்கே தேடுவது கதையை என்பதையும், வீட்டில் அக்கதை சொல்லப்படாமலே கிடக்கிறது என்பதையும் ஏற்பது கடினம். பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று பலர் வாய் மூடியிருக்கிறார்கள். அந்த அன்பு புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் 1983 யூலைக்குப் பின் இளைஞர்களாக இங்கு வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். 2009 மேயில் பிறந்த பிள்ளைகள் இன்று லிசேயில் படிக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டுகள் இவ்வாறே கழிந்தால், கேட்கப் பிள்ளைகள் இருப்பார்கள், சொல்ல எவரும் இருக்க மாட்டார்கள். பயணத்தின் கதையைப் பெற்றோர் இன்றே பதிவு செய்து வைக்க வேண்டும். கைத்தொலைபேசியே அதற்குப் போதும்.

இரண்டாவது கடமை சங்கங்களுடையது. இனால்கோவில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அங்குள்ள அறிஞர்களையும், எழுத்தாளர்களையும், தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களையும், இங்கு பிறந்த இளையோரையும் ஒன்றிணைத்து ஓர் ஆலோசனைக் குழுவை அமைக்கலாம். சான்றுகளைத் திரட்டி, அவற்றைத் தந்தவர்களின் இசைவைப் பெற்று, டோன்ட்நொட்டின் கதவையும் பிற நிறுவனங்களின் கதவுகளையும் அக்குழு தட்ட வேண்டும். ஒரு நிறுவனம் மறுத்தால் மற்றொன்று உண்டு.

மூன்றாவது கடமை இளையோருடையது. இன்று கோரிக்கை விடுக்கும் நிலையிலுள்ள சமூகம் நாளை படைக்கும் நிலைக்கு உயர வேண்டும். அங்குலேமில் கணனி விளையாட்டுக்கென்றே அரசின் உயர்கல்விப் பாடசாலை ஒன்று இருக்கிறது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகிய மூன்றைத் தவிர வேறு துறைகளும் உலகில் உண்டு என்பதைப் பெற்றோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெண்பாவை ஆக்கியவர்களுள்ளும் தமிழ் வீட்டுப் பிள்ளை உண்டு.

டோன்ட்நொட்டின் முதல் விளையாட்டு, நினைவுகள் திருடப்படும் ஒரு பாரிசைக் கற்பனை செய்தது. கூசேன்வில்லில் நினைவுகளைத் திருட எவரும் வரத் தேவையில்லை. சொல்லாமல் விட்டாலே அவை அழிந்துவிடும். அந்நிறுவனம் வரவேண்டிய வழி மிகக் குறுகியது. அது வரும்போது கதவைத் திறக்க ஆள் இருக்க வேண்டும். வராவிட்டால், இங்கிருந்து எழுந்து சென்று அதன் கதவைத் தட்ட வேண்டும்.